கமராவுக்காகத் தெளிந்த கடல்

நோர்வேயின் பேர்கன் நகரத்துக்கு வெளியே, மழை ஓயாத ஒரு மலைச்சரிவில் பெரியப்பாவின் வீடு இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில், சலவை இயந்திரத்துக்கும் பழைய சப்பாத்து அடுக்குக்கும் நடுவில், ஒன்றரை மீற்றர் நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று. கல்லும் மணலும் போக நானூற்றைம்பது லீற்றர் கடல்நீர். வெப்பநிலை 11 பாகை செல்சியஸ். மூன்று வருடங்களுக்கு முன்னர் அந்தத் தொட்டியில் இருந்த உயிர்களில் ஒன்பது செத்துப்போயின. அதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு வசனம்.

“பெரியப்பா, தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்கு. கமராவில வடிவா வராது.”

நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலைகளில் வேலைசெய்த தமிழர்களைப் பற்றிச் சிறு ஆவணப்படம் ஒன்றுக்காக அப்போது அங்கே போயிருந்தேன். பெரியப்பா மயிலிட்டிக்காரர். 1987இல் மாணவராக வந்து, ஒரு வருடம் மொழி படித்து, பிறகு ஃபின்மார்க்கில் பதினொரு வருடம் கொட் மீன் வெட்டியவர். 1990 ஜூனில் மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்ததையும், 2017 ஜூலையில் அந்தத் துறைமுகம் விடுவிக்கப்பட்டதையும் அவர் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். ஓய்வுபெற்ற பிறகு கடலுக்குப் போக உடம்பு இடம்தரவில்லை. அதனால் கடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். படத்தின் முதல் காட்சியாக இந்தத் தொட்டி வரவேண்டும் என்று நான் முடிவுசெய்திருந்தேன். நடந்தது என்ன என்று விளங்கிக்கொள்ள எனக்கு நெடுநாள் எடுத்தது. விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் கடைகளில் பார்க்கிற கடல்மீன் தொட்டிகள் வெப்பக்கடலுக்கு உரியவை. நீலம், மஞ்சள், பவளம், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். பெரியப்பாவின் தொட்டியில் அப்படி ஒன்றும் கிடையாது. பழுப்பும் பச்சையுமான கடற்பாசி, கல்லில் ஒட்டியிருக்கும் மட்டி, பூப்போல விரியும் கடல் அனிமனி, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு, இறால், பேர்க்நெப் என்று அவர்கள் சொல்கிற விரல் நீள மீன். எல்லாம் வீட்டிலிருந்து அரைமணித்தியாலத் தூரத்தில் உள்ள கரையிலேயே இருப்பவை. சிவப்பு அனிமனியைத் தவிர எதற்கும் பெரிய நிறமில்லை. ஆகவே தண்ணீர் தெளிவாக இல்லாவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல்நாள் நான் கலங்கல் என்று நினைத்தது உண்மையில் தண்ணீரே இல்லை. குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வெளியே வியர்க்கும் அல்லவா, அதே கதைதான். அறையின் வெப்பநிலை 21 பாகை, உள்ளே தண்ணீர் 11 பாகை. காற்றில் ஈரம் கொஞ்சம் கூடினாலும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனி படியும். பெரியப்பா ஒரு பழைய சாரத்தால் துடைத்துவிட்டார். வீட்டில் சலவை நடக்கிற நாளில் இது இன்னும் மோசம் என்றார். பெரிய காட்சியகங்களில் தடித்த அக்ரிலிக் பலகை வைப்பதற்கு அதன் பலம் ஒரு காரணம். கண்ணாடியைவிட அது வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும், அதனால் வியர்ப்பதும் குறைவு என்பது இன்னொன்று. வீட்டுக்காரர்கள் இரட்டைக் கண்ணாடி வைப்பார்கள். அல்லது சாரம்.

துடைத்த பிறகும் ஒரு மங்கல் இருந்தது. அது உண்மையிலேயே தண்ணீரில் இருந்தது.

தண்ணீர் கலங்குவதில் பல வகை உண்டு. மணல், தின்னாமல் விட்ட தீன், கழிவு ஆகியவற்றின் துகள்கள் மிதப்பது ஒன்று. பஞ்சு வைத்த வடிகட்டி அதைப் பிடித்துவிடும். ஆனால் பஞ்சை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றவேண்டும். இல்லையென்றால் பிடித்த அழுக்கு அங்கேயே கிடந்து அழுகும். குப்பையைப் பெருக்கி வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் குவித்து வைப்பது போல.

பச்சையாகக் கலங்குவது இன்னொன்று. வெளிச்சமும் ஊட்டச்சத்தும் கூடினால் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகும். இதற்கு மருந்து இருட்டு. 1871இல் லண்டனின் தெற்கே கிறிஸ்டல் பலஸில் திறக்கப்பட்ட கடற்காட்சியகத்தை வடிவமைத்த வில்லியம் அல்ஃபோர்ட் லொயிட் இதைத்தான் செய்தார். பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை நிலத்துக்கடியில் இருட்டில் கட்டி, தண்ணீரை ஓயாமல் அதற்கும் தொட்டிகளுக்கும் இடையில் சுற்றவிட்டார். இருட்டில் பாசி வளராது. நிலத்தடியில் இருப்பதால் தண்ணீர் குளிர்ந்தும் இருக்கும். மின்சாரக் குளிரூட்டி இல்லாத காலத்தில் ஒரே வேலையில் இரண்டு பயன். பெரியப்பா லொயிட்டைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவருடைய மாடிப்படிக்குக் கீழே கறுப்பு நிறப் பீப்பாய்கள் நான்கு கடல்நீரோடு நிற்கின்றன. மார்ச், ஏப்ரலில் அந்தக் கரையில் மிதவைப் பாசிகள் பொங்கும் காலம். அப்போது அள்ளினால் தண்ணீரோடு பச்சையும் வரும். அதற்கு முதலே, நண்பர் ஒருவரின் படகில் போய், குழாயை இருபது மீற்றர் ஆழத்துக்கு இறக்கிப் பம்பால் இழுத்துப் பீப்பாயில் நிரப்பி வைத்துவிடுவார். மேல்தண்ணீரை எடுக்கமாட்டார். மழையும் உருகிய பனியும் ஃபியோர்டின் மேற்பரப்பில் நன்னீராக மிதக்கும். உப்பு போதாது.

மூன்றாவது வகை மஞ்சள். அழுகிய பொருட்களின் சாயம் தண்ணீரில் கரைந்து, தேயிலைச் சாயம்போல ஊறிக்கிடக்கும். நாளாந்தம் பார்ப்பவருக்கு இது தெரியாது. 1865இல் இத்தாலியப் பாதிரியார் அஞ்செலோ செக்கி கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்து மத்தியதரைக் கடலின் தெளிவை அளந்தார். இன்றைக்கும் கடல் ஆய்வாளர்கள் அந்தத் தட்டைப் பயன்படுத்துகிறார்கள். பெரியப்பாவிடம் இருப்பது ஒரு வெள்ளைச் சோசர். தொட்டியின் ஒரு முனையில் அதை இறக்கி, மறுமுனையிலிருந்து குனிந்து பார்ப்பார். சோசர் பழைய கடதாசி நிறத்தில் தெரிந்தால் காபன் பையை மாற்றுவார். சிரட்டைக் கரியின் குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் காபன் கரைந்த சாயத்தைத் தன் நுண்துளைகளுக்குள் பிடித்துவைக்கும்.

நுரையைப் பற்றியும் சொல்லவேண்டும். பருப்பு அவியும்போது மேலே திரள்கிற நுரையை அகப்பையால் அள்ளி எறிகிறோம். கடல்நீர்த் தொட்டியிலும் அதே வேலையை ஒரு கருவி செய்கிறது. ஸ்கிமர் என்பார்கள். உயரமான குழாய் ஒன்றுக்குள் மிகச்சிறிய காற்றுக்குமிழிகளை விட்டால், புரதமும் கொழுப்பும் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு மேலேறி, கபில நிற நுரையாகக் கிண்ணத்தில் வழியும். உப்புத்தண்ணீரில் குமிழிகள் சிறிதாகவும் பிரிந்தும் நிற்பதால்தான் இது நடக்கிறது. நன்னீரில் இவ்வளவு நன்றாக வேலைசெய்யாது. கிண்ணத்தின் மணத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். பெரியம்மா அதைக் கழுவ மறுத்து இருபது வருடமாகவில்லை, அதற்குக் காரணம் தொட்டி வந்து ஆறு வருடம்தான் ஆகிறது.

எங்கள் ஊரில் கிணற்றுத்தண்ணீர் கலங்கினால் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்குவார்கள். மிதக்கும் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியும். மீன்தொட்டிக்கென்று போத்தலில் விற்கிற தெளிநீர் மருந்துகளில் பலவும் இதே வழியில்தான் வேலைசெய்கின்றன. கமராவுக்காக அப்படி ஒன்றை வாங்கிவரவா என்று நான் கேட்டேன். பெரியப்பா தலையாட்டி மறுத்தார். மட்டி தண்ணீரை வடித்துத் தின்கிற உயிர், திரளுகிற சளி அதன் செவுளிலும் ஒட்டும் என்றார். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கவேண்டும்.

அவருடைய தொட்டியில் இருந்த மங்கல் இவற்றில் ஒன்றுமில்லை. அது நாலாவது வகை: வெள்ளையாக, அரிசி கழுவிய தண்ணீரை நிறையத் தண்ணீரில் ஊற்றியதுபோல, மிக மெல்லியதாக. பற்றீரியாக்கள். முந்திய கிழமை மட்டி ஒன்று கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடந்திருக்கிறது. அது அழுக அழுக, அதைத் தின்னும் பற்றீரியாக்கள் தண்ணீரில் பெருகியிருக்கின்றன. தீன் முடிந்தால் அவையும் தணிந்துபோகும். செய்யவேண்டியது, செத்ததை எடுத்துவிட்டுத் தீனைக் குறைத்து, காற்றுக் குழாயைக் கூட்டிவிட்டுக் காத்திருப்பதுதான். ஏனென்றால் அவை ஒட்சிசனைக் குடிக்கும். குளிர்நீருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 11 பாகையில் கடல்நீர் லீற்றருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். எங்கள் கடல் போன்ற 28 பாகை நீர் 6.5 மில்லிகிராமைத்தான் தாங்கும். ஆகவே பெரியப்பாவின் மீன்களுக்கு மூச்சுமுட்டவில்லை. அவை சுகமாகத்தான் இருந்தன. ஐந்தாறு நாளில் மங்கலும் போயிருக்கும்.

என்னிடம் இரண்டு நாள்தான் இருந்தது.

“சரி பிள்ளை, நீ தூரத்திலயிருந்து வந்திருக்கிறாய்” என்று சொல்லிவிட்டு அன்றிரவு அவர் வேலையைத் தொடங்கினார். நானும் கைகொடுத்தேன். மணலை ஆழமாகக் கிளறிக் குழாயால் உறிஞ்சினோம். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றினோம். காபனைப் புதிதாக வைத்தோம். வடிகட்டியில் இருந்த நுரைப்பஞ்சும் துளைக்கற்களும் சேறுபோல வழுவழுத்துக் கிடந்தன. அவற்றைக் கழுவித்தாறேன் என்று வாங்கிக்கொண்டு போனவள் நான். குளிர்தண்ணீரில் கை விறைத்தது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, கல் வெள்ளையாகும்வரை தேய்த்தேன்.

அந்த வழுவழுப்புத்தான் தொட்டியின் உயிர் என்று எனக்கு அப்போது தெரியாது.

மீன்கள் அமோனியாவை வெளிவிடும். அது நஞ்சு. கல்லிலும் பஞ்சிலும் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று அவ்வளவு தீங்கில்லை. தண்ணீர் மாற்றும்போது அது போய்விடும். மிதந்து கலங்கலைத் தருகிற பற்றீரியாக்கள் ஒரே நாளில் பெருகக்கூடியவை. இவை அப்படியல்ல, மெதுவாக வளர்பவை. குளிரில் இன்னும் மெதுவாக. வெப்பத் தொட்டி ஒன்றில் ஐந்தாறு கிழமைகளில் இவை நிலைகொள்ளும். பெரியப்பாவின் தொட்டியில் ஒரு மீன்கூட விடாமல் நாலு மாதம் காத்திருந்தாராம். அந்த நாலு மாதத்தை நான் பத்து நிமிடத்தில் கழுவி விட்டேன். கல்லைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் அலசியிருந்தால் போதும். அவர் அதைச் சொல்லத் தவறவில்லை. நான் குசினிக்குள் போனதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை தண்ணீர் இருந்த இடமே தெரியவில்லை. மீன்கள் காற்றில் தொங்குவதுபோல நின்றன. அனிமனியின் ஒவ்வொரு விரலையும் எண்ணலாம். இரண்டு மணித்தியாலம் படம்பிடித்தேன். மீன்கள் கல்லுக்குள் ஒளித்துக்கொண்டபோது, முன்னுக்கு வருவதற்காகத் தீன் போடச் சொன்னேன். மூன்று தடவை போட்டார்.

நான் ஒஸ்லோவுக்குப் போன நாலாம் நாள் பெரியம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. குளிர்நீரில் அமோனியாவின் கொடிய வடிவம் குறைந்த பங்கே இருக்கும். அதனால்தான் முதல் இரண்டு நாளும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இரவு சோதனைக் குழாயில் வழக்கமான மஞ்சளுக்குப் பதிலாகக் கடும்பச்சை. அவர் பீப்பாய்த் தண்ணீரை மாற்றிப் பார்த்திருக்கிறார். பாதிக்கு மேல் ஏற்கெனவே முடிந்திருந்தது. மீன் நாலு, இறால் மூன்று, நட்சத்திர மீன் ஒன்று, கடல் முள்ளெலி ஒன்று. அனிமனி தன்னைச் சுருக்கிக்கொண்டு தப்பிவிட்டது. நண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“அப்பவும் தண்ணி கண்ணாடிமாதிரித்தான் இருந்தது” என்று பெரியம்மா சொன்னார்.

அமோனியாவுக்கு நிறமில்லை. ஒஸ்லோவில் அன்றிரவு நித்திரை வராமல் இதைப் பற்றியெல்லாம் தேடி வாசித்தேன். அப்போதுதான் கலிபோர்னியாவின் மொன்டரே வளைகுடாக் காட்சியகத்தைப் பற்றி அறிந்தேன். மூடப்பட்டுப்போன மத்தி மீன் ரின் தொழிற்சாலை ஒன்றின் இடத்தில் 1984இல் அது திறக்கப்பட்டது. அதன் கெல்ப் காட்டுத் தொட்டி எட்டரை மீற்றர் உயரம். மேலே கூரையில்லை, வெயில் நேராக விழும். குளிர்ந்த கடல்நீரை வளைகுடாவிலிருந்தே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஏழாயிரத்தைந்நூறு லீற்றர் வீதம் இழுக்கிறார்கள். பகலில் அந்தத் தண்ணீர் மணல் வடிகட்டிகளுக்கூடாக வரும். பார்வையாளர் பார்க்கவேண்டும் அல்லவா. இரவில், கதவு சாத்திய பிறகு, வடிகட்டாத பச்சைத் தண்ணீரை அப்படியே உள்ளே விடுகிறார்கள். அதில் மிதவை உயிர்களும் குஞ்சுகளும் முட்டைகளும் வரும். சுவரில் ஒட்டியிருக்கும் உயிர்கள் அதைத் தின்னும். அந்தச் சுவரில் வாழ்பவற்றில் பல யாரும் கொண்டுவந்து வைத்தவை அல்ல. இரவுத் தண்ணீரில் வந்து தாங்களாகவே குடியேறியவை. விடியமுன் திரும்பவும் வடிகட்டியைப் போடுவார்கள்.

பகலுக்கு ஒரு தண்ணீர், இரவுக்கு ஒரு தண்ணீர். அடுத்தநாள் பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அது நான் மன்னிப்புக் கேட்ட விதம் என்று நினைக்கிறேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை.

“உதை எனக்கு ஏன் சொல்லுறாய்? கடல் தெளிஞ்சால் எங்கட அப்பு வலை போடப் போகமாட்டார். தெளிவில வலை மீனுக்குத் தெரியும். கலக்கிலதான் தொழில். தெளிவு உனக்குத்தான் வேணும் பிள்ளை, அதுகளுக்கு இல்லை.”

வெப்பக்கடல் நீலமாகத் தெளிந்திருப்பதற்கு, அதில் மிதவை உயிர்கள் குறைவு என்பதே பெரும் காரணம். குளிர்கடல் பச்சையாக மங்கியிருப்பதற்கு அதில் தீன் நிறைந்திருப்பதே காரணம். பெரியப்பா பதினொரு வருடம் வெட்டிய கொட் மீன்கள் அந்த மங்கலில் கொழுத்தவை. நான் அந்தக் கடலின் உயிர்களை எடுத்து வெப்பக்கடலின் தண்ணீரில் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன்.

வாசகர்களில் யாராவது இங்கே குளிர்நீர்க் கடல்தொட்டி வைக்க யோசித்தால், என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதுதான். கொழும்பு வெயிலில் குளிரூட்டி இரவுபகலாக ஓடவேண்டும். 2022இல் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாத நாட்களை நாங்கள் பார்த்தோம். அப்படி ஒரு நாள் போதும்.

கடந்த வருடம் திரும்பவும் பேர்கனுக்குப் போனேன். கமரா கொண்டுபோகவில்லை. ஆவணப்படத்தில் அந்தத் தொட்டி நாற்பது செக்கன் வருகிறது. பார்த்த எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் புகழ்ந்தார்கள். பெரியப்பா இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. தொட்டியில் புதிதாக மூன்று பேர்க்நெப் இருந்தன. வடிகட்டிக் கற்களை இப்போது இரண்டு பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒன்றை அலசினால் மற்றதை ஒரு மாதத்துக்குத் தொடமாட்டார். இரவு ஒன்பது மணிக்கு ஸ்கிமரை நிறுத்திவிட்டு, மிதவை உயிர்த் தீனைச் சின்ன போத்தலில் கரைத்து ஊற்றுகிறார். தண்ணீர் மங்கிப்போகும். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் போட்டுவிட்டுப் படுக்கப் போவார்.

அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். விளக்கை அணைத்து, ஒரு சிறு சிவப்பு ரோச் லைற்றை என் கையில் தந்தார். மங்கலுக்குள் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கல்லோரத்தில் மட்டிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன.

“சோசரை இறக்கிப் பாக்கட்டோ?” என்று கேட்டேன்.

“உதை வை அங்கால” என்றார்.